பாய் விரித்து மணப்பாடு வரை

திருச்செந்தூரிலிருந்து மணப்பாட்டிற்குப் பேருந்தில் செல்லும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சாலை கடற்கரையூர்களின் பின்புறமாகவே ஓடுகிறது. பனைகள், உடைமரங்கள், ஊர்ப்பெயர் எழுதிய ஒரு வளைவு, அதற்கப்பால் எங்கோ ஓர் ஆலயத்தின் உச்சி. அவ்வளவே கண்ணிற் படும். கொல்லைப்புறத்தைப் பார்த்துவிட்டு வீட்டையே பார்த்துவிட்டதாக எண்ணுவது போன்றது இது. முத்துக்குளித்துறை என வரலாறு கூறும் இக்கரையின் ஊர்கள் கடலால் பிழைத்தவை. கடலை நோக்கி எழுந்தவை. கடல்வழி வருகிறவனுக்கே அவை தம் முகத்தைக் காட்டும்.

அம்முகத்தைக் காணும் வாய்ப்பு மாசி மாதத்தில் ஒருநாள் எங்களுக்குக் கிட்டியது. புன்னைக்காயலில் எங்களுக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். இளமையில் தூத்துக்குடித் தோணிகளில் தண்டலாகப் பணிபுரிந்தவர். கரைக்குத் திரும்பிய பின் சொந்தமாக வைத்திருந்த சிறு பாய்வள்ளத்தை மணப்பாட்டு அன்பர் ஒருவருக்கு விற்றிருந்தார். வாங்கியவர் பாய்மரத்தைக் களைந்துவிட்டு இயந்திரம் பொருத்தப் போகிறார். வள்ளத்தை லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று வீட்டார் சொன்னபோது பெரியவர் இசையவில்லை. "ஓடுற படக லாரியில ஏத்துறதா? நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்றாராம். செய்தி அறிந்து, உடன் வர எங்கள் இருவருக்கும் இடம் கிடைக்குமா என்று கேட்டோம். எங்கள் பருமனைச் சற்று நேரம் நோக்கிவிட்டு, "வாங்கய்யா, பாரத்துக்கு ஆச்சு" என்றார்.

வள்ளம் 22 அடி நீளம். நடுவில் ஒரு பாய்மரம். அதன் மேல் சாய்வாக ஏறும் பருமல் என்னும் நீண்ட கழி. அதிற் கட்டிய முக்கோணப் பாய். பாயை மேலேற்றும் கயிறு ஆஞ்சான். காற்றுக்கேற்ப இழுத்தும் விட்டும் பிடிக்கும் கயிறு தாமான். பின்புறம் சுக்கான், இரண்டு துடுப்புகள், ஒரு நங்கூரம், குடிநீர்க் குடம். இயந்திரம் இல்லை. பாய் காடாத்துணியால் ஆனது. பெரியவர் தம் கையாலேயே தைத்தது. பல இடங்களில் ஒட்டுப் போட்டிருந்தார். ஒட்டுகளின் நிறத்தைக் கொண்டே இது எந்த ஆண்டு, எந்தக் காற்றிற் கிழிந்தது என்று அவரால் சொல்ல இயலும்.

எங்களுடன் நான்காவதாக வந்தவன் அவருடைய பேரன். தூத்துக்குடியில் படித்துவிட்டு வணிகக் கப்பலில் வேலைக்கு முயன்றுகொண்டிருக்கும் இளைஞன். தாத்தாவை அந்த வயதில் தனியே விடலாகாது என்று தாய் அனுப்பியிருந்தாள். அவன் கைப்பேசியில் படகிருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் இருந்தது.

மாசி மாதத்தை ஏன் தேர்ந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இக்கரையில் ஆண்டை இரண்டாகப் பிரிப்பது காற்றே. ஐப்பசி தொடங்கிப் பல மாதங்கள் வடக்கிலிருந்து வாடை வீசும். வைகாசிக்குப் பின் தென்மேற்கிலிருந்து பருவக்காற்று சீறும். தெற்கு நோக்கிப் போகிறவனுக்கு வாடை தோழன். மாசியில் அதன் வலிவு தணிந்திருக்கும், கடலும் அமைந்திருக்கும். ஆனி மாதத்தில் இதே வழியில் பாய்வள்ளம் தெற்கே செல்வதென்றால் காற்றின் முகத்திலேயே முட்டிக்கொள்ள வேண்டும். அதனால் எவர் பட்ட பாடு ஏட்டில் ஏறியிருக்கிறது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

அதிகாலை 4 மணிக்குத் தாமிரபரணியின் முகத்துவாரத்தைக் கடந்தோம். ஆறு கொண்டுவரும் மண்ணும் கடல் தள்ளும் மணலும் மோதிக்கொள்ளும் இடம் அது. மணல்திட்டு ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். பேரன் முன்னணியத்தில் நின்று கழியால் ஆழம் பார்க்க, பெரியவர் இருட்டில் அலையின் ஓசையைக் கேட்டே சுக்கானைத் திருப்பினார். இந்த மண்தான் இக்கரையின் வரலாற்றையே எழுதியது எனலாம். பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களின் நடுவே கிடக்கிறது. அதற்குப் பின் எழுந்த பழையகாயலையும் ஆறு தூர்த்துவிட்டது. மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் அதுவே என்பர். துறைமுகம் கடலைத் தேடி நகர்ந்து புன்னைக்காயலுக்கு வந்தது. அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்து தமிழ் கற்ற ஊர் இதுவன்றோ! அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. அத்தகைய ஊரின் விளக்குகள் எங்கள் முதுகுப்புறத்தில் ஒவ்வொன்றாக மங்கின.

கடலில் இறங்கியதும் பாய் ஏறியது. கரையிலிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் விடியும்வரை காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். வெயில் ஏறியபின் கடலிலிருந்து நிலத்திற்குத் திரும்பும். பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்த செய்திதான். ஆனால் அந்தக் காற்றின் மீது அமர்ந்து செல்லும்போது அது பாடமாகத் தோன்றவில்லை. வலப்புறத்திலிருந்து வந்த காற்றில் வள்ளம் இடப்புறமாகச் சாய, எங்களிருவரையும் வலப்புற விளிம்பில் உட்காரச் சொன்னார். பாரத்துக்கு ஆச்சு என்றதன் பொருள் அப்போது விளங்கிற்று.

பாயில் செல்வதில் நாங்கள் எதிர்பாராத ஒன்று அதன் அமைதி. இயந்திரப் படகில் கடலைப் பார்க்கலாம், கேட்க முடியாது. இங்கோ பலகையை நீர் தடவும் ஓசையும், பருமல் மரத்தோடு உராயும் முனகலும் அன்றி வேறில்லை. கரைக்காற்று நிலத்தின் ஒலிகளையெல்லாம் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. நாய் குரைப்பது, மோட்டார் சைக்கிள் ஒன்று புறப்பட மறுப்பது, பின்னர் காயல்பட்டினத்திலிருந்து வைகறைத் தொழுகைக்கான பாங்கு. ஒரு பள்ளிவாசலில் தொடங்கி அடுத்தடுத்த பள்ளிவாசல்களில் அது எழும்பியது. பெரியவர் வானத்தைப் பார்க்காமலேயே, "அஞ்சரைக்குள்ள இருக்கும். சரியாத்தான் வாறோம்" என்றார். தம் இளமையில், இருளில் கரையோரம் தோணி ஓட்டி வருகையில், ஊர் எதுவென்று அறியப் பாங்கோசையையும் ஆலய மணியோசையையுமே நம்பியதாகக் கூறினார். பேரன் கைப்பேசியைப் பார்த்து, ஊருக்கு நேராகத்தான் இருக்கிறோம் என்று உறுதிசெய்தான். பெரியவர் அதைப் பழிக்கவில்லை. "நல்லதுதான்; மூடுபனியில உதவும்" என்றார்.

கீழ்வானம் வெளுத்து, கதிரவன் கடலிலிருந்து எழுந்தபோது வீரபாண்டியன்பட்டினத்திற்கு எதிரே இருந்தோம். இந்தக் காட்சிக்காகவே மறுமுறையும் செல்லலாம். எங்கள் முதுகில் பட்ட முதல் வெயில் கரையில் புனித தோமையார் ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்களிலும் பட்டது. கீழே ஊர் இன்னும் நிழலிற் கிடக்க, அவ்விரண்டும் மட்டும் ஒளிபெற்று நின்றன. சற்றே தெற்கில், திருச்செந்தூர் முருகன் கோயிலின் ஒன்பது நிலை இராசகோபுரம் எழுந்து நின்றது. வழக்கமாகக் கிழக்கே இருக்க வேண்டிய பெருங்கோபுரம் அங்கே கடலின் காரணமாக மேற்கே அமைந்திருக்கிறது. எனவே கடலிலிருந்து நோக்க, கருவறைக்குப் பின்னே அது வானைத் தொட்டது. வடக்கே திரும்பினால் காயல்பட்டினத்து மினாராக்கள். மூன்று சமயத்தாரும் வானோக்கி எழுப்பியவற்றை ஒரே பார்வையில் வரிசையாகக் காண்பது சாலையில் செல்வோருக்கு வாய்க்காது.

நாங்கள் அழகைப் பார்த்தோம். பெரியவர் அவற்றை வேறுவிதமாகப் பார்த்தார். "அந்த ரெண்டு கோபுரமும் ஒண்ணாச் சேருதா பாருங்க" என்றார். வள்ளம் நகர நகர, இரட்டைக் கோபுரங்களின் இடைவெளி குறைவதுபோல் தோன்றிற்று. அப்போதுதான் அவர் கரைக்குறி பார்க்கும் கலையை விளக்கினார். கடலில் ஓரிடத்தை மீண்டும் கண்டுபிடிக்க வேண்டுமானால், கரையில் முன்னே ஒரு பொருள், பின்னே ஒரு பொருள் என இரண்டும் ஒரே கோட்டில் விழும்படி ஒரு குறி எடுத்துக்கொள்ள வேண்டும். வேறொரு திசையில் அதுபோல் மற்றொரு குறி. இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே நீ தேடும் பார். முன்னே ஒரு பனை, பின்னே கோபுரம்; முன்னே படகுத்துறை, பின்னே மினாரா. முத்துச்சிப்பிப் பார்களையும் மீன் அடையும் பாறைகளையும் இக்கரையின் மக்கள் தலைமுறை தலைமுறையாக இவ்விதமே நினைவில் வைத்தனர். 1961-க்குப் பின் இங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. எனினும் பார்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் காட்டும் குறிகள்தாம் அழிகின்றன. பனை வெட்டப்படுகிறது; முன்குறியாய் நின்ற ஓட்டு வீடு மாடியாகிறது; கோடு கலைந்துவிடுகிறது. "ஒங்களுக்கு எத்தன குறி தெரியும்?" என்று கேட்டோம். "எண்ணுனதில்ல. அந்தந்த எடத்துக்கு வந்தா தெரியும்" என்றார். இதனை எப்படி எழுதிவைப்பது? அவரை ஒவ்வோர் இடத்திற்கும் கொண்டுசென்று கேட்டாலன்றி எழுத முடியாது. கொண்டுசெல்லும் வள்ளமோ அன்று விற்பனைக்குச் சென்றுகொண்டிருந்தது.

எட்டு மணி அளவில் அலந்தலைக்கு எதிரே காற்று நின்றது. கரைக்காற்று ஓய்ந்துவிட்டது, கடற்காற்று இன்னும் பிறக்கவில்லை. பாய் ஈரத்துணிபோல் தொங்கிற்று. கடல் எண்ணெய் பூசியதுபோல் பளபளத்தது. மீன்பிடித்துத் திரும்பிய இயந்திரப் படகுகள் எங்களைக் கடந்து சென்றன, ஒன்றிலிருந்த இளைஞர்கள் வேகத்தைக் குறைத்து, "என்ன தாத்தா, இழுத்துட்டுப் போகவா?" என்று கேட்டனர். கேலியன்று, அன்பாகத்தான் கேட்டனர். பேரனின் முகத்தில் ஆவல் தெரிந்தது. பெரியவர் கையசைத்து அனுப்பிவிட்டார். "காத்து வரும்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் அவித்த பனங்கிழங்கை நார் உரித்துத் தின்று, கருப்பட்டிக் காப்பி அருந்திக் காத்திருந்தோம்.

அந்த ஓய்வில்தான் புனித சவேரியாரின் நினைவு எழுந்தது. 1542-இல் இக்கரைக்கு வந்த அவர், 1544-ஆம் ஆண்டில் மணப்பாடு, புன்னைக்காயல், அலந்தலை முதலிய ஊர்களிலிருந்து தம் உடனுழைப்பாளரான மான்சிலாசுக்கு எழுதிய மடல்கள் இன்றும் உள்ளன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் குமரிமுனைப் பகுதியில் வடுகர் படை புகுந்தது. மீனவ மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். அவர்களுக்கு உதவ 20 தோணிகளில் உணவேற்றிக்கொண்டு சவேரியார் மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். ஆனால் எதிர்க்காற்றின் கடுமையால் துடுப்பு வலித்தும், கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் முனையை எட்ட முடியவில்லை. திரும்பிவந்தவர், காற்று தணிந்தால் மீண்டும் செல்வேன் என்று எழுதினார். ஜூன் மாதம் என்பது ஆனி. தென்மேற்குக் காற்றின் உச்சம். மேடையில் நாம் காணும் சவேரியார் கையில் சிலுவை ஏந்தி அசைவற்று நிற்கிறார். தோணியின் பலகையில் நனைந்து அமர்ந்து, எட்டமுடியாத முனையையே நோக்கியிருந்த அந்த மனிதரை அலந்தலைக் கடலில்தான் நாங்கள் உணர்ந்தோம். இந்நிகழ்ச்சியைப் பெரியவரிடம் சொன்னோம். அவர் வெகு இயல்பாக, "அந்த மாசத்துல யாரு போவச் சொன்னா?" என்றார். சற்றுப் பொறுத்து, "பசிச்சிக் கெடக்கான்னா போகத்தானய்யா வேணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பத்தரை மணிக்குக் கடலின் மேல் தொலைவில் ஒரு கருங்கோடு தோன்றி எங்களை நோக்கி வந்தது. வடகிழக்குக் காற்று! பாய் படபடத்து மறுபுறம் திரும்பி நிறைந்தது. வள்ளம் குதித்தெழுந்து ஓடிற்று. இவ்வளவு சிறிய பொருளுக்குள் இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது என்று வியந்தோம். பேரனிடம் தாமானைக் கொடுத்துவிட்டுப் பெரியவர் சுக்கானில் அமர்ந்தார். முதலில் இளைஞன் கயிற்றை இறுகப் பற்றினான். வள்ளம் அளவுமீறிச் சாய்ந்தது. "மக்கா, அதோட மல்லுக்கட்டாத. கொஞ்சம் விடு, கேட்டா குடு" என்றார். சிறிது நேரத்தில் அவன் கை பழகிவிட்டது. அதன்பின் அவன் கைப்பேசியை எடுக்கவில்லை.

கல்லாமொழிக்கு அருகில் மகிழ்ச்சிக்குத் தடை வந்தது. அங்கே எழும் அனல்மின் நிலையத்திற்கு நிலக்கரி இறக்குவதற்கென்று கரையிலிருந்து கடலுக்குள் பல கிலோமீட்டர் நீளத்திற்குத் தூண்களின் மேல் பாலம் ஓடுகிறது. அதைச் சுற்றிச் செல்வதென்றால் வெகுதொலைவு ஆழ்கடலுக்குள் போக வேண்டும். தூண்களுக்கிடையே நுழையலாம், ஆனால் பாயோடு நுழைய இயலாது. ஆஞ்சானைத் தளர்த்திப் பாயை இறக்கினார். தாத்தாவும் பேரனும் துடுப்பு வலிக்க, பாலத்தின் நிழலில் புகுந்து மறுபுறம் வெளிப்பட்டோம். தூண்களில் மோதித் திரும்பும் அலையில் வள்ளம் எப்பக்கம் சாய்வதென்று அறியாமல் தத்தளித்தது. மின்சாரம் எங்களுக்கும் வேண்டும். இதை எழுதும் அறையிலும் விளக்கு எரிகிறது. எனினும், இக்கடலில் இனிப் பாய்க்கு இடமில்லை என்று எவரும் ஆணை எழுதவில்லையே தவிர, அதன் வரைபடத்தைத் தீட்டியவர் பாய் என்ற ஒன்று இங்கே உண்டென்று எண்ணியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

குலசேகரன்பட்டினத்தைக் கடக்கையில் நண்பகல். நாட்டின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது இப்பகுதியில்தான். இங்கிருந்து தெற்கே தடையற்ற கடல் இருப்பதால், சிறு ஏவூர்திகள் இலங்கையைச் சுற்றி வளைந்து செல்லாமல் நேராகத் தென்திசையில் பறக்க முடியும், எரிபொருள் மிஞ்சும். நேர்வழி தேடுவதில் ஏவூர்தியும் பாய்வள்ளமும் ஒன்றே போலும். பேரன் ஆர்வத்தோடு விளக்க, பெரியவர் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அது பறக்குற அன்னைக்கு நம்ம படகெல்லாம் எங்க நிக்கணும்?" பேரனிடம் விடையில்லை, எங்களிடமும் இல்லை.

அதன்பின் மணப்பாடு. கரை முழுதும் தாழ்ந்து கிடக்க, அக்குன்று மட்டும் கடலுக்குள் தோள் நீட்டி நிற்கிறது. அதன் மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம்; அருகில் கலங்கரை விளக்கம்; கீழே சவேரியார் தங்கிய குகை. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலொன்றின் தலைவர், தாம் பிழைத்ததற்கு நன்றியாக உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இக்குன்றில் நாட்டினார் என்ற மரபு வாசகர்களுக்குப் புதிதன்று. பலமுறை கேட்ட கதைதான். ஆனால் பாய்மரத்தின் அடியில் அமர்ந்து, நுரைக்கும் பாறைகளை இடப்புறத்தே கண்டவாறு குன்றை நெருங்கும்போது, இங்கே ஏன் ஒருவன் அவ்வாறு செய்தான் என்று கேட்கத் தோன்றவில்லை. குன்றின் வடபுறத்து வளைவுக்குள் நுழைந்ததும் அலை அடங்கியது. ஒன்றரை மணிக்கு வள்ளத்தின் அடி மணலைத் தொட்டது. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் குன்றை நோக்கிச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

வாங்கியவர் காத்திருந்தார். நல்ல மனிதர். எங்களுக்கு மீன்குழம்போடு சோறு போட்டார். வள்ளத்தைச் சுற்றிவந்து பலகைகளைத் தட்டிப் பார்த்து நிறைவுற்றார். பாய்மரத்தை எங்கே அறுப்பது, இயந்திரத்தை எங்கே பொருத்துவது என்று ஆள்களோடு பேசிக்கொண்டிருக்கையில், பெரியவர் மணலில் அமர்ந்து பருமலிலிருந்து பாயை அவிழ்க்கத் தொடங்கினார். "அதுவும் சேத்துத்தானே பெரியவரே?" என்று அவர் கேட்க, "படகத்தான் வித்தேன்" என்றார் இவர். மறுபேச்சு எழவில்லை. பேரன் அருகில் அமர்ந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுத்தான். ஓர் ஒட்டைக் காட்டி ஏதோ கேட்டான். பெரியவர் நெடுநேரம் அதற்கு விடை சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலையில் திருச்செந்தூர் செல்லும் பேருந்தில் ஏறினோம். சுருட்டிய பாயைத் தோளிற் சுமந்து வந்த பேரன் அதை இருக்கைகளுக்கிடையே நீளமாகக் கிடத்தினான். நடத்துநர் அதைக் கடந்துபோக இடமின்றி நின்று, "என்னய்யா இது, பந்தலா?" என்றார்.

"பாய்" என்றார் பெரியவர்.

"பாயா? இம்புட்டுப் பெரிசா? எந்தக் கல்யாண வீட்டுக்கு?"

பெரியவர் சிரித்தார். பேரன் சுமைக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினான்.